அண்ணி பாடுகிறாள்

இன்னும் அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை. தொகுப்பாளர் ஜவுளிக்கடை விளம்பரத்தை இரண்டாம் முறையாக வாசிக்கிறார், நான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து பெடலில் வைத்த வலது காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அசைத்தால் சத்தம் வந்துவிடும், திருநெல்வேலிப் பொருட்காட்சியின் விளக்குகள் இப்போதுதான் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன, மேடைக்கு இடப்பக்கம் ராட்டினம் சுற்றுகிறது, அதன் மோட்டார் ஒரு தாளத்தில் உறுமுகிறது, எங்கள் முதல் பாட்டின் தாளத்தைவிட அது கொஞ்சம் மெதுவு, காதில் விழக் கூடாது என்று நினைக்க நினைக்க அதுதான் விழுகிறது. மிளகாய் பஜ்ஜி வாசனை. ஜெனரேட்டர் புகை. வலது முழங்கைக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பேட், சாப்பாட்டுத் தட்டு அளவுதான் இருக்கும், ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு விளக்கு. அதைக் குச்சியால் ஒரு தட்டு தட்டினால் யசோமதியின் பழைய குரல் வரும், தொண்டை அறுவை சிகிச்சைக்கு முந்திய குரல், ஸ்டுடியோவில் பதிவான குரல், ‘தண்ணி லாரி’ பாட்டின் அந்த உச்சி வரி மட்டும். அதே நேரத்தில் சவுண்ட் பார்ப்பவர் அவள் மைக்கை இறக்கிவிடுவார். எல்லாம் தினகர் ஏற்பாடு. எங்கள் மேனேஜர் தினகர் மத்தியானம் வேனுக்குப் பின்னால் என்னை ஒதுக்கிக் கூப்பிட்டு, “டைட்டஸ்ணா, உடைஞ்சா தட்டிடுங்க, ஜனத்துக்குத் தெரியாது, அவங்க பாட்டு கேக்கவா வந்திருக்காங்க, அண்ணியைப் பாக்க வந்திருக்காங்க” என்றான். “யசோவுக்குத் தெரியுமா?” “தெரிஞ்சா ஒத்துக்குவாங்களா? அவங்க நல்லதுக்குத்தான்ணா.” அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவன் அவன். இன்றைக்கு அவள் குரல் ஒரு தடவை உடைந்தால் போதும், அந்தத் துண்டை எவனாவது போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிடுவான், அப்புறம் ஒருத்தரும் பாடக் கூப்பிட மாட்டார்கள், அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் ‘சரி’ என்றும் சொல்லாமல் ‘மாட்டேன்’ என்றும் சொல்லாமல் பேட்டுக்கு வயரை மாட்டிக்கொண்டேன்.

பாட்டுக்காரியை ஜனம் முன்னாலிருந்து பார்க்கிறது, நான் இத்தனை வருஷமாகப் பின்னாலிருந்து பார்க்கிறேன். மூச்சு எடுக்கும்போது அவளுடைய இடது தோள் ஒரு நூல் அளவு உயரும், அதை வைத்துத்தான் நான் அடிப்பேன், கிதாருக்காகவோ பேஸுக்காகவோ காத்திருந்ததில்லை. முதன்முதலில் அவளைக் கேட்டது ஒரு கல்லூரிப் போட்டியில், நான் பெரம்பூரில் சர்ச்சில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலம், எங்களுக்கு அடுத்துப் பாட வேண்டியவள் மேடை ஓரத்தில் எண்ணெய் வைத்து வாரிய இரட்டைச் சடையோடு நிற்கிறாள், பக்திப் பாட்டுதான் பாடப்போகிறாள் என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். வந்தவாசிப் பக்கம் நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணக் குடும்பம், ஜினாலயத்தில் தோத்திரம் சொல்லிப் பழகிய தொண்டை. மைக்கைக் கையில் வாங்கியவள் எங்களைத் திரும்பிப் பார்த்து, “டிரம்ஸ் யாரு? கொஞ்சம் வாசிக்க முடியுமா? வேகமா” என்றாள். முன்பின் தெரியாதவனிடம் அப்படித்தான் கேட்டாள், கடைக்காரரிடம் உப்பு கேட்பதுபோல. நானும் எதுவும் யோசிக்காமல் உட்கார்ந்து வாசித்தேன். அவளே எழுதிய பாட்டு, பஸ்ஸில் சில்லறை கேட்டுத் திட்டும் கண்டக்டரைப் பற்றி, அதைப் பாடிய குரலில் அவ்வளவு கோபமும் அவ்வளவு சிரிப்பும் ஒரே சமயத்தில் இருந்தன, அரங்கமே எழுந்து நின்றது, எங்களுக்கு வர வேண்டிய பரிசு அவளுக்குப் போனது, எனக்கு வருத்தமே வரவில்லை. அதற்கப்புறம்தான் ‘மின்தடை’ இசைக்குழு. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று பார்த்துத்தான் அந்த நாளில் ஒத்திகை, அதனால் அந்தப் பெயர். வெயிலில் பட்டுப்போன ஒரு கோடையில் ‘தண்ணி லாரி’ வெளிவந்து, ஆட்டோவில், டீக்கடையில், கல்லூரி விடுதியில், எங்கே பார்த்தாலும் அவள் குரல். அந்தப் புகழிலும் அவள் பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவதை விடவில்லை, பெரிய ஹோட்டல் விருந்தாக இருந்தாலும் சரி, வெளிச்சம் போய்விட்டால் தண்ணீரோடு எழுந்துவிடுவாள், இன்றைக்கும் வேனில் உட்கார்ந்து ஜன்னல் வெயிலில் தயிர்சாதம் சாப்பிட்டாள், ஊறுகாய் வேண்டாம் தொண்டை என்று ஒதுக்கினாள்.

சினிமாவில் கூப்பிட்டார்கள், பாடினாள், படம் வந்தபோது அந்தப் பாட்டில் வேறொரு குரல் இருந்தது. அவள் அழவில்லை, “நல்லாத்தானே பாடியிருக்கா அந்தப் பொண்ணு” என்றாள். அப்புறம் ஒரு தொடரில் பாடகியாகவே ஒரு நாள் வந்துபோகக் கூப்பிட்டார்கள், அந்த டைரக்டர் அவள் கண்ணைப் பார்த்திருக்கிறார், அடுத்த தொடரில் திரிபுரசுந்தரி அண்ணி வேஷம், நாத்தனாரை வீட்டைவிட்டுத் துரத்துகிற, பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக வீட்டையே ஆட்டிவைக்கிற அண்ணி. எங்கள் கிதார்காரன் கௌதமன் அன்றைக்கே கிளம்பிவிட்டான். “ராக் பாடறவ சீரியல்ல போய்க் கண்ணை உருட்டுவியா யசோ? வெக்கமா இல்லை?” “அதுவும் வேலைதான் கௌதம். அவளுக்கும் நான்தான் மூச்சு எடுக்கணும், என் பாட்டுக்கும் நான்தான் எடுக்கணும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” அவன் போனான், அவள் வாசல்வரை போய்ப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் ஒரு முறை படப்பிடிப்புப் பார்க்கப் போனேன், கேலி செய்யலாம் என்றுதான் போனேன் என்று நினைக்கிறேன், நாத்தனாராக நடிக்கும் பெண்ணை அறையும் காட்சி, ஒவ்வொரு டேக்குக்கும் பிறகு அவள் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு “பட்டுதாடி?” என்று கேட்டாள், பட்டிருக்கவில்லை, ஒரு தடவைகூடப் பட்டிருக்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வலித்தது. அவள் அறைந்த நேரக்கணக்கு அவ்வளவு சுத்தம். நான் பொறாமைப்பட்டேன், என் கை அவ்வளவு சுத்தமாக இறங்குமா என்று. திரையில் வரும்போது மட்டும் அண்ணிக்கு வேறு குரல், பங்கஜவல்லி அக்கா என்று ஒருத்தர் டப்பிங் பேசுகிறார், கனமான, வெற்றிலை போட்ட மாதிரியான குரல். யசோவின் குரல் பாட்டுக்கு, அண்ணிக்கு இது போதும் என்று சேனலில் முடிவு. ஆக, தமிழ்நாட்டில் அத்தனை வீட்டிலும் அவள் முகம் தெரியும், பாதி வீட்டில் அவள் குரல் தெரியும், இரண்டும் ஒருத்தியுடையது என்பது அநேகம் பேருக்குத் தெரியாது.

பிறகுதான் தொண்டை. குரல்நாணில் சின்ன முடிச்சு என்றார் டாக்டர், எடுத்துவிடலாம் என்றார், எடுத்தார், வாயே திறக்கக் கூடாது என்றார். “பேச்சு கண்டிப்பா வரும்மா, பாட்டும் வரும், பழைய உச்சிக்குப் போகுமான்னு நான் எப்படிச் சொல்ல?” அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நானாக இருந்தால் படுத்திருப்பேன். அவள் அடுத்த வாரமே படப்பிடிப்புக்குப் போனாள், சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து நடித்தாள், பங்கஜவல்லி அக்கா பின்னால் பேசிக்கொள்வார், எதிரில் நிற்பவர்களுக்கு எப்போது வசனம் முடிந்தது என்று தெரிய வேண்டுமே, அதற்காகப் புடவை மடிப்பில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்த மாதத்தில் வந்த காட்சிகளைத்தான் ஜனம் ‘அண்ணி என்னமா நடிக்கிறா’ என்று கொண்டாடியது. படப்பிடிப்பு இல்லாத நாளில் எங்கள் ஒத்திகை அறைக்கு வந்தாள். வந்து மைக்குக்கு முன்னால் நின்று என்னைப் பார்த்துக் கையைச் சுழற்றினாள், வாசி என்று. பேஸ் கிதார் வாசிக்கும் மொஹிதீன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், வாசித்தோம். அவள் முழுப் பாட்டையும் சத்தமில்லாமல் பாடினாள். தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு அசையாமல் உதடு மட்டும் சொல் சொல்லாக அசைந்தது, சரணத்துக்குச் சரணம் மூச்சு எடுத்தாள், உச்சி வரியில் கண்ணை மூடினாள். குரலே இல்லாத பாட்டு, எனக்கு ஓர் இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை. முடிந்ததும் மொஹிதீன் வெளியே போய்விட்டான், முகம் கழுவிவிட்டு வந்தான். பல வாரம் அப்படி வாசித்தோம். அப்புறம் பேச்சு வந்தது, மெதுவாகப் பாட்டும் வந்தது, ஆனால் ஒத்திகையில் உச்சியைத் தொட மாட்டாள், அந்த வரி வந்தால் கையால் மேலே காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். “சுருதியை ரெண்டு கட்டை இறக்கிடலாம் யசோ” என்று மொஹிதீன் சொல்லிப் பார்த்தான். “வேண்டாம். அந்தப் பாட்டு குடியிருக்கற இடம் அதுதான். மேடையில பாத்துக்கலாம்.” மேடை இதுதான். இன்றைக்குத்தான்.

கூப்பிட்டுவிட்டார்கள். “உங்கள் அபிமான திரிபுரா அண்ணி!” என்றுதான் கூப்பிடுகிறார், பாடகி என்று ஒரு வார்த்தை இல்லை. கறுப்புக் குர்த்தாவும் ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவுமாக யசோ வருகிறாள், பொட்டு இல்லை, ஒரு நொடி கூட்டத்துக்கு யாரென்றே தெரியவில்லை, பிறகு முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளின் தோளை இடிக்கிறாள், “ஏட்டி, அண்ணிதாம்ட்டி! பொட்டைக் காணும் பாரு!” விசில், கூச்சல். இன்னொருத்தி எழுந்தே நின்றுவிட்டாள், “அந்தப் பச்சப்புள்ளய எதுக்கு நீ வீட்டைவிட்டு வெரட்டுன?” எல்லோரும் சிரிக்கிறார்கள், யசோவும் சிரிக்கிறாள், மைக்கில், “அடுத்த வாரம் திரும்பக் கூட்டிட்டு வந்துடறேன்க்கா, கோச்சுக்காதீங்க” என்கிறாள். சட்டென்று முன்வரிசை அடங்குகிறது. குரல் வேறாக இருக்கிறதே என்ற திகைப்பு, ஒருத்தர் முகத்திலிருந்து அடுத்தவர் முகத்துக்குப் போவதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன். “என்ன இது, கொரலு மாறிக் கெடக்கு?” என்று கேட்டது ஓர் ஆண் குரல். “இதுதாண்ணே என் குரல். அங்க பேசறது பங்கஜவல்லி அக்கா. அவங்களுக்கு ஒரு கை தட்டுங்க.” தட்டினார்கள். இந்த மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை, தன் முதல் கைதட்டலை இன்னொருத்திக்கு வாங்கிக் கொடுக்கிறவளை, அதுவும் இன்றைக்கு. “இப்ப என் குரல்ல ஒரு பாட்டு” என்று சொல்லிவிட்டுத் திரும்பாமலே நிற்கிறாள். இடது தோள் உயர்கிறது. நான் அடிக்கிறேன்.

முதல் சரணம் தரைமேலேயே நடக்கிற பாட்டு, குழாயடி, பிளாஸ்டிக் குடம், கதவைத் தட்டி எழுப்புகிற பக்கத்து வீட்டுக்காரி, அதெல்லாம் நன்றாகவே வருகிறது, நன்றாக என்றால் வேறு மாதிரி, குரலின் அடியில் மணல் கொஞ்சம் புரள்கிறது, எனக்கு அது பிடிக்கிறது, பிடிக்கிறது என்று ஒப்புக்கொள்ள நேரம் இல்லை, அடுத்து பல்லவி, ‘வருது வருது லாரி வருது’, கூட்டத்தில் வாலிபர்கள் சேர்ந்து கத்துகிறார்கள், இவர்களுக்காவது பாட்டு தெரிந்திருக்கிறது, அடுத்தது அந்த வரி, ‘வாய் திறந்து குடமெல்லாம் வானம் பாக்குது’, அந்த ‘வானம்’ தான் உச்சி, பதிவில் அவள் ஒரே தாவலில் போய் நிற்பாள், தோள் உயர்கிறது, மேடை ஓரத்தில் தினகர் இரண்டு கையையும் பிசைந்துகொண்டு என்னையே பார்க்கிறான், என் வலது குச்சி தானாகப் பேட்டின் பக்கம் ஒரு சாண் நகர்ந்திருக்கிறது, நான் நகர்த்தவில்லை. அவள் தாவினாள். உடைந்தது. ‘வா’ என்பது வந்தது, அதற்கு மேல் வெறும் காற்று, துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், ஸ்பீக்கர் வழியாக மைதானம் முழுக்க. எங்கேயோ ஒருத்தன் சிரித்தான். தினகர் கையால் தட்டு தட்டு என்று காட்டுகிறான், பல்லவி இரண்டு முறை வரும், இரண்டாவதற்கு இன்னும் நாலு வரி இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, தட்டினால் பழைய யசோ வருவாள், முழுசாக, பளிச்சென்று, கூட்டம் கொண்டாடும், இவள் வாயை அசைப்பாள், வேறு என்ன செய்வாள், அசைத்துத்தான் ஆக வேண்டும், அங்கேயும் வாயசைப்பு இங்கேயும் வாயசைப்பு. அந்த ஒத்திகை அறையில் சத்தமே இல்லாமல் பாடினாளே, அதுகூட அவளுடைய பாட்டாக இருந்தது. இது யாருடைய பாட்டு? என் கை பேட்டின் மேல் நிற்கிறது, இடது கையும் காலும் தாளத்தை விடாமல் பிடித்திருக்கின்றன, பயமாக இருக்கிறது, தட்டாவிட்டால் இன்னொரு தடவை உடையும், அதற்கு நான்தான் காரணம் என்று ஆகும், அவளுடைய வாழ்க்கை, என்னுடையதும்தான், பெரம்பூரில் எனக்கு என்ன இருக்கிறது, இந்த நாலு பேர்தான் இருக்கிறார்கள். குச்சியை வாயில் கவ்விக்கொண்டேன். வலது கையால் வயரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. தினகர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

யசோ கையைத் தூக்குகிறாள். நிறுத்தச் சொல்லி. பாட்டு நடுவில் அவள் இப்படிக் கை தூக்கியதே கிடையாது, மொஹிதீன் நிறுத்தினான், நான் நிறுத்தினேன், கௌதமனுக்குப் பதில் வந்த பையனின் கிதார் ஓர் இழுப்பு இழுத்து நின்றது, ராட்டினத்தின் மோட்டார் மட்டும் கேட்கிறது. போய்விடப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், மன்னிச்சிருங்க என்று கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவாள், நான் எழுந்து போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பாதி எழுந்தேவிட்டேன். அவள் முன்வரிசையைப் பார்த்துப் பேசுகிறாள், மூச்சு வாங்குகிறது, “உடைஞ்சது கேட்டுச்சா?” முன்வரிசையில் இரண்டு மூன்று தலை ஆடியது. “எனக்கும் கேட்டுச்சு. தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு, அதுக்கப்புறம் இதுதான் முதல் மேடை. சீரியல்ல டயலாக் சொதப்பினா டைரக்டர் ஒன் மோர் கேப்பார். இங்க நீங்கதான் டைரக்டர். இந்த வரிக்கு ஒரு ஒன் மோர் போலாமா?” அப்புறம் அந்த எழுந்து நின்று சண்டை போட்ட பெண்தான் முதலில், “போ தாயி, எத்தன தடவ வேணாலும் போ!” என்றாள், அதற்குமேல் வேறு எதுவும் கேட்கவில்லை, ஒன்ஸ் மோர் ஒன்ஸ் மோர் என்று மைதானமே கத்துகிறது, பஜ்ஜிக் கடையில் நின்றவர்கள்கூட இந்தப் பக்கம் வருகிறார்கள். யசோ இப்போது திரும்புகிறாள். என்னைப் பார்க்கிறாள். முகமெல்லாம் வேர்வை, பயந்திருக்கிறாள், நன்றாகவே பயந்திருக்கிறாள், சிரிக்கிறாள். “டைட்டஸ், அந்த வரிக்கு நீ வேண்டாம். யாருமே வேண்டாம். நான் முடிச்சப்புறம் உள்ள வாங்க.” “சரி யசோ.” என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு குச்சியையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறேன். அவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறாள். ‘வாய் திறந்து’, பேசுவது மாதிரி, கிட்டத்தட்ட முணுமுணுப்பு. ‘குடமெல்லாம்’, கூட்டம் அடங்கிவிட்டது. இந்தத் தடவை தாவவில்லை. அடியில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து ஏறுகிறாள், இழுத்து, வழுக்கி, இன்னும் கொஞ்சம், மணல் புரள்கிறது, அந்த மணலோடேயே ஏறுகிறாள், கிழிந்த இடத்துக்கு வருகிறாள், குரல் ஒரு நடுக்கம் நடுங்கியது, தாண்டிவிட்டாள். வானம். இது பழைய குரல் இல்லை. பழைய குரல் கண்ணாடி மாதிரி இருக்கும், இது சொரசொரப்பு, இது ஒரு பெரிய பொம்பளையின் குரல், பசியும் வேலையும் தெரிந்த குரல், இந்தப் பாட்டுக்கு இதுதான் குரல், இத்தனை வருஷமாக நாங்கள் வாசித்தது இதற்கு ஒத்திகை. முன்வரிசைப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள். பதிவில் இந்த இடத்தில் எட்டுத் தட்டு நின்றுவிட்டு விடுவாள், நான் சிம்பலில் விழுவேன், அது என் கைக்குப் பாடம், எட்டாவது வந்தது, கை இறங்கப் போனது, அவள் விடவில்லை. நிற்கிறாள். தோளைப் பார்க்கிறேன், தோள் இறங்கவில்லை. எங்கிருந்து எடுக்கிறாள் இவ்வளவு மூச்சை? என் தோள்பட்டை வலிக்கிறது, குச்சி நுனி ஆடுகிறது, மொஹிதீன் என்னைப் பார்க்கிறான், எப்போது என்று கண்ணால் கேட்கிறான். எனக்குத் தெரியாது. அவள் பாட்டில் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை. தெரியாமலே உட்கார்ந்திருக்கிறேன், கையைத் தூக்கியபடி, அவள் முடிக்கும்வரை, முடிக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு.